மாட்டுக்குப் போடுவது நம் பிள்ளைக்கு வரும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கறவை மாடு வளர்க்கும் உறுப்பினர் பேசியது)



குழுக் கடனில் மாடு வாங்கியிருக்கிறோம். தீவனம் விலை அதிகம். அதனால கடையில மீந்த ரொட்டி, பழைய பிண்ணாக்கு, சந்தையில கழிச்ச கோஸ் இலை எல்லாத்தையும் "மாடுதானே திங்குது"ன்னு போடுறோம். நானும் போட்டவள்தான்.

பூசணம் பிடித்த பிண்ணாக்கிலும் ரொட்டியிலும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். அது பாலிலும் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்தாலும் போகாது. தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் ஈரல் கெடும், புற்றுநோயும் வரலாம்.

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் பாலைச் சோதித்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இந்த நச்சு அளவுக்கு மேல் இருந்தது. அந்தப் பாலைத்தானே நம்ம பிள்ளைங்களும் குடிக்குது?

என்ன செய்யலாம்?

* பூசணம் கண்டதை மாட்டுக்கோ, ஆட்டுக்கோ, கோழிக்கோ போடாதீங்க. எருக்குழியில் கொட்டுங்க.
* பிண்ணாக்கு மூட்டையை ஈரத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்க.
* கோஸின் மேல் இலையில்தான் பூச்சிமருந்து அதிகம் தங்கும். எப்போ மருந்து அடிச்சதுன்னு தெரியாத இலை வேண்டாம்.

பத்து ரூபாய் மிச்சம் பார்த்து பிள்ளை உடம்பைக் கெடுக்க வேண்டாம். இதை உங்க குழுக் கூட்டத்திலும் பேசுங்க.