சட்டம் பயிலும் பிள்ளைகளின் களப்பயிற்சி
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



கல்வி உதவி பற்றிய தீர்மானத்தின் மீது சில வார்த்தைகள் கூறுமாறு நிர்வாகிகள் பணித்துள்ளார்கள். பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் உதவி கேட்டு வரும் மனுக்களை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம். சட்டம் பயிலும் மாணவர் ஒருவர், “விடுமுறையில் சட்ட உதவிப் பயிற்சிக்குச் செல்கிறேன், பயணச் செலவுக்கு உதவுங்கள்” என்று கேட்டால் மட்டும் யோசிக்கிறோம். சம்பளமில்லாத வேலைக்குப் பைத்துல்மால் பணம் எதற்கு என்பது ஒரு கேள்வி. காவல் நிலைய வாசலில் நம் வீட்டுப் பிள்ளை ஏன் நிற்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை எளிது. இந்தியப் பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் இன்டர்ன்ஷிப் எனும் களப்பயிற்சி கட்டாயம். வழக்கறிஞரிடமும் பெறலாம், தொண்டு நிறுவனத்திலும் பெறலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சென்னையில் பெரிய வழக்கறிஞர் அலுவலகத்தில் அதனை முடித்துவிடுகிறது. பேருந்துக் கட்டணத்துக்கே தந்தையை எதிர்பார்க்கும் பிள்ளை என்ன செய்யும்? தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடும். ஐந்தாண்டு படித்தும் ஒரு மனு எழுதத் தெரியாமல் வெளியேறும்.

இரண்டாவது கேள்விதான் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது. 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில், இதே செங்கல்பட்டில், அரசு கூர்நோக்கு இல்லத்தில், பேட்டரி திருடியதாகப் பிடித்து வரப்பட்ட 17 வயதுச் சிறுவன் தாக்கப்பட்டு உயிரிழந்தான். இல்லத்தின் ஊழியர்களே கைது செய்யப்பட்டனர். சிறார் இல்லங்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒரு நபர் குழுவை 2023-இல் அரசு அமைத்தது. ஏழைத் தாய் ஒருத்தியின் பிள்ளை அவன். சட்டத்தோடு முரண்பட்ட குழந்தைக்குச் சட்ட உதவி கிடைப்பதை இளைஞர் நீதிக் குழுமம் உறுதிசெய்ய வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் இருக்கும் அந்த உரிமை பிள்ளையின் கைக்கு வந்து சேர வேண்டுமானால், வெளியிலிருந்து ஒருவர் அடிக்கடி உள்ளே சென்று, “உன் பெயர் என்ன, உன் வழக்கு எந்த நிலையில் உள்ளது, உன்னை யாரேனும் அடித்தார்களா” என்று கேட்க வேண்டும். நம் பிள்ளைகளை அஞ்சி வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தக் கேள்விகளைக் கேட்பவர் யார்?

அதற்கென ஏற்பாடும் உள்ளது. 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் ஆணைக்குழு இயங்குகிறது. 2009 முதல் சட்டத் தன்னார்வலர் திட்டமும் உள்ளது. இதில் சேர வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. சட்ட மாணவரும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் சேரலாம். நீதிமன்றத்தில் வாதாட இவர்களுக்கு உரிமையில்லை. மனு எழுதித் தரலாம், அலுவலகத்துக்கு உடன் செல்லலாம், சிறையில் இருப்பவருக்கு வழக்கறிஞர் கிடைக்க வழி செய்யலாம். அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். கணவன் கைவிட்டான், ஜீவனாம்சம் இல்லை என்று நம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வரும் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அலுவலகச் சுவரில் எழுதி வைத்தாலே பாதிப் பேருக்குப் பயன்படும்.

“இருளருக்கும் நரிக்குறவருக்கும் மனு எழுதுவதால் நம் சமுதாயத்துக்கு என்ன?” என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். நபித்துவத்திற்கு முன், இளம் வயதில், பெருமானார் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள் என்பதை நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். மக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரிடம் சரக்கை விற்றுவிட்டு விலை கிடைக்காமல் நின்ற யமன் வியாபாரிக்காக எழுந்த உடன்படிக்கை அது. அவர் குறைஷியர் அல்லர், வெளியூர்க்காரர். இதற்கு மேல் அந்தப் பெரியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியை நாம் அனைவரும் அறிவோம். 2021-இல் கோயில் அன்னதானப் பந்தியில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதாக ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காட்சி நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு நவம்பர் 4 அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் வழங்கினார். மறு ஆண்டு டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மகிழ்ச்சிக்குரியவைதாம். ஆனால் ஒரு சாதிச் சான்றிதழுக்கு ஒரு குடும்பம் கேமராவின் முன் அழ வேண்டியிருந்தது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, கேமரா வராத குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த மேசையில் மனு கொடுப்பது என்று தெரியாமல் திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குவதும், முப்பது நாள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நிலையைக் கேட்பதும் பெரிய வித்தை அல்ல. இருபது வயதுப் பிள்ளைகள் இதனைச் செய்துவிடுவார்கள்.

பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. காலம் அப்படி இருக்கிறது. ஆதலால்தான் தனியாகச் செல்லாமல், ஆணைக்குழுவின் வழியாகவோ கல்லூரியின் சட்ட உதவி மையத்தின் வழியாகவோ, அடையாள அட்டையோடு செல்லட்டும் என்கிறோம். பெண் பிள்ளைகளை இருவராக அனுப்பலாம். பெண்களின் குறைகளைக் கேட்க அவர்களே பொருத்தமானவர்கள்.

எனவே நிர்வாகிகள் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். சட்டம் பயிலும் நம் மஹல்லாப் பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணும், பயிற்சி வாரங்களில் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கல்வி நிதியிலிருந்து வழங்கப்பட வேண்டும். ரசீதும் பயிற்சி நாட்குறிப்பும் கொடுத்தால் போதும். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் ஒரு மேசை ஒதுக்கப்பட வேண்டும்; மனு எழுத வருவோர் எந்த மதத்தவராயினும் அங்கு அமரலாம். மேசை நம்மிடம் இருக்கிறது, இரண்டு நாற்காலிகள்தாம் வாங்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் கோடை விடுமுறை தொடங்குமுன் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.