காமிராவும் வெருகும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. இவ்வாண்டோ, காட்டுப் பறவைகளையும் அரிய காட்டுப் பூனைகளையும் படம் பிடிக்கும் கலையைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளனர். இலக்கியத்தை விட்டு வெகுதொலைவு சென்றுவிட்டோம் என்று எவரும் வருந்த வேண்டா. காட்டுப் பூனைக்கு ‘வெருகு’ என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். வெருகுக்கு அஞ்சிய மனைக்கோழி மாலை வேளையில் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி குறுந்தொகையில் உண்டு. காமிரா இல்லாத காலத்திலேயே அப்புலவன் எத்துணைக் கூர்ந்து பார்த்திருக்கிறான்!

காட்டு விலங்கை இரவில் படம் பிடிப்பது ஒரு காலத்தில் இயலாத செயலாகவே கருதப்பட்டது. வடநாட்டில் வனத்துறை அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பார் 1920-களில் அதனைச் செய்து காட்டினார். (நம் சாம்பியன் ரீப்ஸை நினைவூட்டும் பெயர்! பெயர் மட்டுமே பொருத்தம்.) புலி நடக்கும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டிவைத்தார். புலியின் கால் பட்டதும் ஒளி வெடித்தது, படம் பதிந்தது. துப்பாக்கி ஏந்திச் செல்வதே பெருமை என்றிருந்த நாளில் காமிரா ஏந்திச் சென்றவர் அவர். இன்று கம்பி தேவையில்லை. உடல் வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தானே இயங்கும் கருவி வந்துவிட்டது. கருநாடகத்து நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் 1990-களில் தானியங்கிக் காமிராக்களை வைத்து, புலியின் உடற்கோடுகளைக் கொண்டே ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு கணக்கிட்டார். மனிதனுக்குக் கைரேகை போலப் புலிக்குக் கோடு.

ஆயினும் தமிழராகிய நாம் முதலில் அறிய வேண்டியவர் மா. கிருஷ்ணன் அவர்களே. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். நாற்பதுகளில் நம் கருநாடகத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். 1950 முதல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் காட்டுயிர் பற்றி 46 ஆண்டுகள் இடையறாது எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக்கித் தந்துள்ளார். பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. அவர் படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திச் செய்துகொண்ட காமிரா அவருடையது. அதனைச் சுமந்துகொண்டு காட்டு யானைகளைத் தொடர்ந்தார். யானைக்கும் புலிக்கும் அளித்த அதே கவனத்தைக் காக்கைக்கும் அணிலுக்கும் அளித்தார் என்பதே எமக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம்.

நம் இளைஞர் கையில் இன்றிருக்கும் கருவியின் ஆற்றல் அவருக்குக் கிட்டவில்லை. அவருக்கிருந்த பொறுமை இவர்க்கு வேண்டுமே என்பதுதான் எம் கவலை.

ஆள்காட்டிக் குருவியை எடுத்துக் கொள்வோம். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும். நம்மைக் கண்டதும் அது தலைக்கு மேல் பறந்து அலறுவது படத்திற்கு அழகாகத்தான் இருக்கும். அந்த அலறலின் பொருள், ‘முட்டை உன் காலடியில் இருக்கிறது, போய்விடு’ என்பதாகும். நாம் நின்று படம் எடுக்க எடுக்க, முட்டை வெயிலில் வேகிறது. கூட்டை மறைக்கும் இலைகளை ஒடித்துவிட்டுக் குஞ்சுகளைப் படம் பிடிப்போரும் உளர். இலை போனால் நிழல் போயிற்று. காக்கைக்கும் வழி தெரிந்து போயிற்று. இத்தகைய படத்திற்குப் பரிசளிப்பது தகாது என்பது எம் துணிபு.

பறவை பழக வேண்டுமாயின் பேதமங்கலம் ஏரிக்குச் செல்லுங்கள். தங்கவயலுக்குக் குடிநீர் ஈந்த ஏரி அது, பாலாற்றின் நீர். நம்மில் பலருடைய பாட்டன்மார் விட்டு வந்த வட ஆர்க்காட்டுக்கே அவ்வாறு செல்கிறது. கரையில் ஓரிடத்தில் அசையாது அமர்ந்தால், நீர்க்காகமும் கொக்கும் சிறிது நேரத்தில் நம்மை மறந்துவிடும். அதன் பிறகு எடுக்கும் படமே படம்.

இனி, பூனை. துருப்புள்ளிப் பூனை என்றொரு சிற்றினம் உண்டு. ஆசியாவின் காட்டுப் பூனைகளுள் மிகச் சிறியது. வளர்ந்ததும் எடை ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ அளவே. நம் வீட்டுப் பூனையினும் சிறியது! இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே வாழ்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் புலிக்குத் தந்த முதல் அட்டவணையிலேயே இதனையும் வைத்துள்ளது. அடர்ந்த காடுதான் வேண்டும் என்பதில்லை. பாறையும் புதரும் கலந்த வறண்ட நிலத்திலும் அது வாழும். பகலில் உறங்கி இரவில் எலி பிடிக்கும்.

பாறையும் புதரும் கலந்த நிலம் என்றதும் நம் சுற்றுப்புறம் கண்முன் வருகிறதன்றோ? 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் இந்நிலத்தைப் பயனற்ற நிலம் என்றே பிறர் எழுதுகின்றனர். ஸ்கெலட்டனில் வாழும் நமக்கு அச்சொல் சுடுகிறது. சயனைடு மேட்டைக் காட்டி, ‘இங்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்போர்க்கு வாய்ச்சொல் விடையாகாது. நாளும் இடமும் குறித்த ஒரு தெளிவான படம் சான்றாக நிற்கும். பஞ்சுருட்டானும் கவுதாரியும்கூடச் சான்றுகளே.

ஆகவே சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் படிப்பகத்தில் ஒரு படத்தொகுப்பு வைப்போம். பிள்ளைகள் எடுக்கும் பறவைப் படங்களைப் பெயரும் நாளும் இடமும் எழுதி ஒட்டுவோம். அரிய பூனை எதுவும் படத்தில் சிக்கினால் மட்டும் இடத்தை எழுதாது வனத்துறைக்கு நேரே தெரிவிப்போம். இடம் வெளிப்பட்டால் காண வருவோரும் கவர வருவோரும் ஒருங்கே வந்துவிடுவர். புதரிலோ வயலிலோ பூனைக்குட்டி தனியே கிடக்கக் கண்டால் வீட்டிற்குத் தூக்கி வாராதீர்கள். மகாராட்டிரத்துக் கரும்பு வயல்களில் அறுவடையின்போது அகப்பட்ட குட்டிகளை அதே இடத்தில் விட்டு விலகியபோது தாய் வந்து கவ்விச் சென்றதுண்டு. விட்டுவிட்டுப் பொழுது சாயுமுன் அகன்றுவிடுங்கள். இருட்டிய பின்னரே தாய் வரும்.