மந்தகாலத்துச் சில்லறைகள்

(நம் குடியிருப்பின் சமூகக் கூடத்தில், காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு பேசிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி.)



"மந்தம் வருகிறதாமே, கொஞ்சம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டார். மந்தம் வருமா வராதா என்று சொல்ல நான் ஜோசியன் இல்லை. வந்தபோது யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியும். 2008-ல் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையில் வியாபாரிகள் வருவார்கள், அரசியல்வாதிகள் வருவார்கள். கடைசியில் நம் கார்பஸ் பண்டும் வரும். அதனால் சுண்டல் வந்ததும் யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.

வில்லங்கம் பார்க்காத கடன்

நம்மில் பாதிப் பேர் வீட்டுக்கடனில் இந்த பிளாட்டை வாங்கியவர்கள். வங்கி என்னென்ன கேட்டது என்று நினைவிருக்கும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், மூன்று வருட வருமானவரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வக்கீல் கருத்து. பாட்டனார் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அதற்கு ஒரு அபிடவிட். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் 'நிஞ்சா' என்று செல்லமாக அழைக்கப்பட்ட கடன்கள் இருந்தன. வருமானம் இல்லை, வேலை இல்லை, சொத்து இல்லை, ஆனால் வீட்டுக்கடன் உண்டு. கொடுத்தவருக்குக் கவலை இல்லை, ஏனென்றால் அவர் அந்தக் கடனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவே இல்லை. இன்னொருவருக்கு விற்றார். வாங்கியவர் ஆயிரம் கடன்களை ஒன்றாகக் கலந்து பத்திரமாக்கி உலகம் முழுக்க விற்றார். நேற்றைய புளித்த மாவில் இன்றைய புது மாவைக் கலந்தால் மொத்தமும் புது மாவு என்று விற்கலாம் அல்லவா, அதே தொழில்நுட்பம்தான்.

வாங்குகிறவர் சந்தேகப்படக் கூடாது என்று தரச்சான்று நிறுவனங்கள் 'ஏஏஏ' போட்டுக் கொடுத்தன. அதற்கான கட்டணத்தைக் கொடுத்தது பத்திரத்தை விற்கிற கட்சி. மாப்பிள்ளை எப்படி என்று பெண் வீட்டாருக்குச் சொல்வதற்கு, மாப்பிள்ளை வீட்டிலேயே கூலி வாங்குகிற தரகரைப் போல. அப்படிப்பட்ட தரகர் கண்ணுக்கு எந்த மாப்பிள்ளைக்கும் குறை தெரியாது.

வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரை எல்லாம் சரியாக ஓடியது. விலை இறங்கத் தொடங்கியதும் கடன் கட்டாதவர் எண்ணிக்கை கூடியது. எந்தப் பத்திரத்தில் எவ்வளவு புளித்த மாவு என்று யாருக்கும் தெரியாததால், ஒரு வங்கி இன்னொரு வங்கியை நம்ப மறுத்தது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. 1850-ல் அலபாமாவில் துணிக்கடையாகவும் பருத்தி வியாபாரமாகவும் தொடங்கிய நிறுவனம். 158 வருடம் நின்றது, ஒரு வார இறுதியில் போனது. அப்போது அதன் சொத்துக் கணக்கு சுமார் 63,900 கோடி டாலர்.

குப்பைத் தொட்டி விலை

மறுநாளே ஏஐஜி என்ற மாபெரும் காப்பீட்டு நிறுவனம் விழப் பார்த்தது. அரசு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. ஒரு வாரம்கூட முடியவில்லை, அந்த நிறுவனத்தின் ஒரு கிளைப் பிரிவு கலிபோர்னியாவில் கடற்கரை ஓய்வு விடுதியில் கூட்டம் போட்டது. செலவு சுமார் 4.4 லட்சம் டாலர், அதில் மசாஜ் முதலிய ஸ்பா செலவும் அடக்கம். முன்பே ஏற்பாடு செய்த நிகழ்ச்சி என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். நம் வீட்டிலும் கல்யாணத்துக்கு முன்பே மண்டபம் பேசுவோம். ஆனால் வீட்டில் ஐசியூ கேஸ் இருந்தால் தேதியைத் தள்ளிவைப்போம்.

மெரில் லிஞ்ச் தலைவர் ஜான் தெய்ன் தன் அலுவலக அறையை அழகுபடுத்த சுமார் 12 லட்சம் டாலர் செலவு செய்தது 2009 ஜனவரியில் வெளியே வந்தது. அதில் ஒரு குப்பைத் தொட்டியின் விலை மட்டும் 1,400 டாலர். பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாம் பச்சை, நீலம் என்று இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்க மூன்று கமிட்டிக் கூட்டம் போட்டோம். இனிமேல் அதை நினைத்து யாரும் வெட்கப்பட வேண்டாம்.

நவம்பரில் மூன்று பெரிய கார் நிறுவனங்களின் தலைவர்கள் 2,500 கோடி டாலர் உதவி கேட்டு வாஷிங்டன் போனார்கள். மூவரும் தனித்தனி ஜெட் விமானத்தில். "சாதாரணப் பயணிகள் விமானத்தில் வந்தவர் கை தூக்குங்கள்" என்றார் ஒரு உறுப்பினர். ஒரு கையும் எழவில்லை. அடுத்த மாதம் மறுபடி போனபோது டெட்ராய்ட்டிலிருந்து தங்கள் கம்பெனியின் ஹைப்ரிட் கார்களில் போனார்கள். கார் விற்கிறவர் காரில் வந்ததே செய்தியானது.

ஒழுகினால் அசோசியேஷன் செலவு

இப்போது அரசியல். நிதித்துறை முதலில் கொடுத்த மீட்புத் திட்டம் மூன்று பக்கம். கேட்ட தொகை 70,000 கோடி டாலர். இந்த எண் எப்படி வந்தது என்று நிருபர் கேட்டதற்கு, குறிப்பிட்ட கணக்கு எதுவும் இல்லை, பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம் என்ற பொருளில் அந்தத் துறையிலிருந்தே பதில் வந்தது. நம் பொருளாளர் லிப்ட் பராமரிப்புக்கு அப்படி ஒரு பட்ஜெட் வாசித்துப் பார்க்கட்டும், சி பிளாக்கிலிருந்து வருகிற கேள்வியில் அவர் ராஜினாமாவே செய்துவிடுவார்.

செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபை மசோதாவை நிராகரித்தது. அன்று ஒரே நாளில் டவ் ஜோன்ஸ் 777 புள்ளி இறங்கியது. நான்கு நாளில் மனம் மாறி அக்டோபர் 3 அன்று நிறைவேற்றினார்கள். அரசு தொழிலில் தலையிடவே கூடாது என்று பல வருடம் பேசியவர்கள்தான் அரசு வாசலில் முதல் வரிசையில் நின்றார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம். மேல்மாடிக்காரர் பால்கனியை மூடி அறையாக்கிக்கொண்டார் என்றால் அந்த இடம் அவருடையது. அங்கே இருந்து கீழ்வீட்டுக்கு ஒழுகினால் அது அசோசியேஷன் செலவு. லாபம் தனியார், நஷ்டம் பொது. நியூயார்க்கில் நடந்ததும் இதுதான், பால்கனிதான் கொஞ்சம் பெரியது.

அரசு காப்பாற்றியதே தவறு என்று நான் சொல்லவில்லை. விட்டிருந்தால் சம்பளம் போடக்கூடப் பணம் புரளாமல் போயிருக்கும் என்ற பயம் நியாயமானது. ஆனால் காப்பாற்றுகிற கை நிபந்தனையும் போட வேண்டும். ஒழுகலைச் சரிசெய்வோம், அடைப்பையும் இடிப்போம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தணிக்கையாளர் போட்ட டெபாசிட்

இனி வருவது நமக்கு நெருக்கமான கதை. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 3.2 லட்சம். நம் ஊரில் ஒரு பெரிய தாலுகா அளவு. அதன் மூன்று பெரிய வங்கிகளின் சொத்து நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல கிட்டத்தட்ட பத்து மடங்கு. மற்றவர்களைவிட அதிக வட்டி கொடுத்தார்கள். பிரிட்டனில் மட்டும் மூன்று லட்சம் பேர் இணையம் வழியாகப் பணம் போட்டார்கள். 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்று வங்கிகளும் விழுந்தன. பிரிட்டன் அரசு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி அதில் ஒரு வங்கியின் சொத்தை முடக்கியது. அதிக வட்டி கொடுத்தவரைப் பிடிக்க வேறு சட்டம் கைவசம் இல்லை போலிருக்கிறது.

தனிநபர்களுக்கு பிரிட்டன் அரசு பணத்தைக் கொடுத்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் வேறு சிலர். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் அந்த வங்கிகளில் சுமார் 95 கோடி பவுண்டு போட்டு வைத்திருந்தன. குப்பை அள்ளவும் சாலை போடவும் மக்கள் கட்டிய வரிப்பணம். அந்த மன்றங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆணையமே தன் பணத்தில் 1 கோடி பவுண்டை அங்கே போட்டிருந்தது. பல வருடம் காத்திருந்து பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருடங்களில் பணம் வேண்டியிருந்த வேலை காத்திருந்திருக்கும்.

யாரும் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் கூடுதல் வட்டிக்காக, நல்ல எண்ணத்தோடு, தீர்மானம் நிறைவேற்றித்தான் போட்டார்கள்.

திருடிய கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று. புலிமேல் ஏறிவிட்டேன், இறங்கத் தெரியவில்லை என்பதுபோல எழுதியிருந்தார். நாம் அதையே புலிவாலைப் பிடித்த கதை என்போம். அதற்குச் சில மாதம் முன்புதான் சிறந்த நிர்வாக நெறிக்கான விருது ஒன்றை அந்த நிறுவனம் வாங்கியிருந்தது. விருதை அப்புறம் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பங்கு வாங்கியவர்களுக்கு அப்படித் திரும்பப் பெற வழியில்லை.

2008 நவம்பரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போன எலிசபெத் ராணி, இது வருவது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டார். நிபுணர்கள் கூடி மறு வருடம் ஜூலையில் பதில் எழுதினார்கள். புத்திசாலிகள் பலர் சேர்ந்தும் மொத்த அபாயத்தைக் கற்பனை செய்யத் தவறினார்கள் என்பது சாரம். ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகப் பார்த்தார்கள். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

நம் 62 லட்சம்

இப்போது கூட்டிப் பார்ப்போம். நம் கார்பஸ் பண்டில் 62 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியிலிருந்து எடுத்து, இரண்டரை சதவீதம் கூடுதல் வட்டி தருகிற ஒரு நிதி நிறுவனத்தில் போடலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள். பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றாமல் சமாளிக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். கூடுதல் வட்டி வருடத்துக்கு 1,55,000 ரூபாய். 84 வீட்டுக்குப் பிரித்தால், வீட்டுக்கு மாதம் 154 ரூபாய். பணம் போனால் வீட்டுக்கு நஷ்டம் சுமார் 73,800 ரூபாய். லிப்ட் மாற்ற வேண்டிய வருடத்தில் அதை மறுபடி வசூலிக்க வேண்டும். நாலாவது மாடியில் மூட்டுவலியோடு இருக்கும் மாமிகளிடம் போய், மாதம் 154 ரூபாய்க்காக இப்படி ஆனது என்று யார் சொல்வது?

இன்னும் ஒன்று. வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. 1993 முதல் 1 லட்சமாக இருந்தது, 2020 பிப்ரவரி 4 முதல் அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒரு டெபாசிட்தாரருக்கு 5 லட்சம். நாம் 84 வீடாக இருந்தாலும் அசோசியேஷன் ஒரே டெபாசிட்தாரர். நிதி நிறுவனங்களில் போடும் டெபாசிட்டுக்கு அந்த 5 லட்சமும் கிடையாது.

அதனால் என் யோசனை மூன்று. கார்பஸ் பணத்தை மூன்று நான்கு பெரிய வங்கிகளில், வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் பிரித்துப் போடுவோம். வருடக் கடைசியில் இருப்புச் சான்றை நாம் வாங்கிக் கொடுக்காமல், வங்கி நேராக ஆடிட்டருக்கு அனுப்பச் சொல்வோம். சத்யம் கற்றுக்கொடுத்த பாடம் அது. எந்தக் கமிட்டி வந்தாலும் இடத்தை மாற்றப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று விதியில் எழுதுவோம்.

வீட்டுக்கடன் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2008 அக்டோபரில் 9 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் 2009 ஏப்ரலில் 4.75 ஆனது. ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தவர்களில் பலருக்கு அந்தக் குறைப்பு முழுதாக வந்து சேரவில்லை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. உங்களுடையது அதற்கு முந்தைய கடன் என்றால் வங்கிக்குப் போய் எந்த முறையில் இருக்கிறது என்று கேளுங்கள், மாற்றிக்கொள்ளக் கடிதம் கொடுங்கள். வட்டி ஏறினால் அவர்களே சொல்வார்கள். இறங்கினால் நாம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மந்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் நாம் குறைப்பது இரவுக் காவலாளியை, அயர்ன் வண்டிக்காரரை, வேலைக்கு வரும் அம்மாவை. எல்லா வீடும் ஒரே மாதத்தில் செலவைக் குறைத்தால் அதுவே மந்தம். நம் செலவுதான் அவர்களுடைய வருமானம். நிஞ்சா கடனை அவர்கள் கொடுக்கவில்லை, 1,400 டாலர் தொட்டியையும் அவர்கள் வாங்கவில்லை. சிக்கனத்தைத் தொடங்க வேறு இடம் பார்ப்போம். விடியும்வரை எரிகிற பார்க்கிங் விளக்குகளைப் பற்றி நான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன்.

தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. ஆதரவோ எதிர்ப்போ, நேரில் வந்து கை தூக்குங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினால் அது ஓட்டாகாது. சுண்டல் அந்த மேஜையில் இருக்கிறது.