பெயரில்லாத குப்பி



நான் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளி ஆய்வக அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு குப்பி. உள்ளே வெள்ளைப் பொடி. மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு உதிர்ந்துவிட்டிருந்தது. உதவிக்கு வந்த மாணவி, "உப்பு மாதிரி இருக்கே டீச்சர், தொட்டு நாக்குல வச்சுப் பார்க்கட்டுமா?" என்றாள். சட்டென்று அவள் கையைப் பிடித்தேன். அப்போது என் நினைவுக்கு வந்தது தாலியம் சல்பேட்.

பாடநூலில் தாலியத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1861இல் வில்லியம் குரூக்ஸ், கந்தக அமிலத் தொழிற்சாலைக் கசடை நிறமாலையில் ஆராய்ந்தபோது ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார். இளந்தளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் புதிய தனிமத்துக்குப் பெயரிட்டார். அதன் சல்பேட் உப்புக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரில் கரையும். எலி மருந்தாக விற்கப்பட்டு மனித உயிர்களையும் பறித்தது. அமெரிக்கா 1972இல் அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது.

அது ஏன் நஞ்சாகிறது? விடை நாம் நடத்தும் பாடத்திலேயே இருக்கிறது. தாலியம் 13ஆம் தொகுதித் தனிமம். அலுமினியத்தைப் போல +3 நிலையை எதிர்பார்ப்போம். ஆனால் மந்த இணை விளைவால் அதற்கு +1 நிலையே அதிக நிலைத்தன்மை உடையது. அந்த அயனியின் ஆரம் சுமார் 150 பிக்கோமீட்டர். பொட்டாசியம் அயனிக்குச் சுமார் 138. மின்சுமை ஒன்றே, அளவும் ஏறத்தாழ ஒன்றே. செல்கள் அதைப் பொட்டாசியம் என்றே உள்ளே விடுகின்றன. நரம்புகள் பாதிக்கப்படுகின்றன, இரண்டு, மூன்று வாரங்களில் தலைமுடி கொட்டுகிறது. ஓவிய வண்ணமாக நாம் அறிந்த பிரஷ்யன் நீலம்தான், மருந்தாகத் தயாரிக்கப்படும்போது, தாலியத்தைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது.

உடலின் செல்லே ஏமாறும்போது, கண்ணும் நாக்கும் எம்மாத்திரம்?

அந்தக் குப்பியில் என்ன இருந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பெயர் தெரியாத வேதிப்பொருள், திறக்காதீர்" என்று எழுதி ஒட்டி, பூட்டி வைத்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் தெரிவித்தேன். அந்த மாணவி மீது தவறில்லை. பெயர் எழுதி வைக்காத நம் மீதுதான் தவறு.

நாளை உங்கள் ஆய்வக அலமாரியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு குப்பியிலும் பெயர், வாங்கிய நாள், எச்சரிக்கை மூன்றும் இருக்கட்டும். அவை இல்லாத குப்பியைத் தனியே பூட்டி வையுங்கள். முகர்ந்தோ சுவைத்தோ சோதிக்கக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை, நாம் பக்கத்தில் இல்லாதபோதும் கையை நீட்டாது.