வெட்டிய கரும்பு சும்மா கிடப்பதில்லை

வெட்டிய கரும்பு கிடந்தால் காயும், எடை குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். எடையோடு கூட உள்ளே இருக்கிற சர்க்கரையும் குறைகிறது. அது எப்படிக் குறைகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், சித்திரை வெயிலில், ஒரு பெரியவர் வெல்லம் காய்ச்சக் கரும்பு வெட்டிப் போட்டிருந்தார். காய்ச்சுகிற ஆட்கள் வராமல் மூன்று நாள் தள்ளிப்போயிற்று. "சார், கரும்பு கெட்டுப்போயிருக்குமா?" என்று கேட்டார். நான் பிரிக்ஸ் மானியில் இரண்டு சொட்டுச் சாறு விட்டுப் பார்த்தேன். வெட்டிய அன்றைக்கு இருந்ததைவிடக் கூடுதலாகவே காட்டியது. "ஒண்ணும் பயமில்லீங்க, தாராளமாக் காய்ச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். கொப்பரையில் பாகு பதத்துக்கே வரவில்லை. அச்சில் ஊற்றியது மறுநாளும் பிசுபிசுவென்று இளகிக் கிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

கரும்பின் இனிப்பில் முக்கியமானது சுக்ரோஸ். குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு சின்னச் சர்க்கரைகளைக் கோத்தால் ஒரு சுக்ரோஸ். கட்டுகிறதும் இதுதான், வெல்லமாக உறைகிறதும் இதுதான். கோப்பதும் பிரிப்பதும் தானாக நடப்பதில்லை. அதற்கென்று செடிக்குள் நொதிகள் இருக்கின்றன. என்சைம் என்று சொல்வார்களே, அதுதான். இவை புரதத்தால் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை. ஒரு வேலையை முடித்ததும் தான் தீர்ந்துபோகாமல் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

ஏரிப் பாசனத்தில் மடை திறக்க ஒருவர் இருப்பார் இல்லையா? எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அவர் கையில். செடியின் உயிரணுக்குள்ளும் இப்படித்தான். குளுக்கோஸ் வந்ததும் ஒரு நொதி அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. நாம் போடுகிற சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள அதே மணிச்சத்துதான். அங்கிருந்து வாய்க்கால் பிரிகிறது. ஒன்று மூச்சு விடுவதற்கு; சர்க்கரை எரிந்து கரியமில வாயுவாகப் போகும். ஒன்று நார் கட்டுவதற்கு. இன்னொன்று மறுபடி சுக்ரோஸாகக் கோத்துத் தண்டில் சேர்த்துவைப்பதற்கு. வாய்க்கால்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றில் அதிகம் பாய்ந்தால் மற்றதில் குறையும்.

சுக்ரோஸைப் பிரிக்கிற முக்கியமான நொதிக்கு இன்வர்டேஸ் என்று பெயர். வளர்கிற இளங்கணுக்களில் இதற்கு ஓயாத வேலை. அதனால்தான் கொழுந்தாடைப் பக்கம் கடித்தால் சப்பென்று இருக்கிறது. பயிர் முற்ற முற்ற அடிக்கணுக்களில் இதன் வேகம் அடங்கி, சர்க்கரை தங்குகிறது. வெட்டு நெருங்கும்போது தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்டச் சொல்வதும், கடைசிக் காலத்தில் யூரியா போடாதீர்கள் என்று கெஞ்சுவதும் இதற்காகத்தான். அப்போது யூரியா போட்டால் பயிர் பச்சைக்கட்டி மறுபடி வளரக் கிளம்பும், சேர்த்ததைச் செலவழிக்கும்.

சரி, வெட்டியாயிற்று. இலை இனிச் சர்க்கரை அனுப்பாது. ஆனால் கரும்புக்கு உயிர் போய்விடவில்லை, மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அடங்கியிருந்த இன்வர்டேஸ் மறுபடி வேகமெடுக்கிறது. வெயில் கூடினால் வேகமும் கூடும். பத்து டிகிரி சூடு ஏறினால் இப்படிப்பட்ட வேலைகள் சுமார் இரண்டு மடங்காகும். வெட்டுவாயில் நுண்ணுயிர்களும் புகுந்து, தங்களுடைய நொதியால் சுக்ரோஸைக் கோழைமாதிரி பசையாக்கிவிடுகின்றன.

பிரிந்த சின்னச் சர்க்கரையும் சாற்றில் கரைந்துதானே இருக்கிறது? பிரிக்ஸ் மானி கரைந்திருப்பதையெல்லாம் மொத்தமாகக் காட்டும். எது சுக்ரோஸ், எது உடைந்தது என்று அதற்குத் தெரியாது. போதாததற்குக் கரும்பு காய்ந்து சாறு கெட்டிப்பட்டிருந்தது. அதனால்தான் எனக்கு அளவு கூடுதலாகக் காட்டியது. உடைந்த சர்க்கரை எளிதில் மணி கட்டாது, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வெல்லம் இளகியதற்குக் காரணம் அதுதான். நிற்கிற பயிரில் முற்றல் பார்க்க அந்தக் கருவி நல்ல துணை. அடியிலும் நுனியிலும் பார்த்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் வெட்டலாம். வெட்டிக் கிடக்கிற கரும்புக்கு அதை நம்பாதீர்கள்.

"எனக்கென்ன, ஆலையில் எடைக்குத்தானே காசு" என்று சிலர் சொல்வீர்கள். மத்திய அரசு அறிவிக்கிற விலையே ஆலையின் சர்க்கரைக் கட்டுமானத்தை ஒட்டித்தான் இருக்கிறது. காய்ந்த எடை நஷ்டமோ நேரே உங்கள் தலையில்.

ஆகவே வண்டியும் ஆளும் உறுதியான பிறகே அரிவாளை எடுங்கள். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைவைக்குப் போய்விட வேண்டும். கொழுந்தாடையை நன்றாகக் கழித்துவிடுங்கள். தவிர்க்க முடியாமல் தாமதமானால் நிழலில் அடுக்கி, சோகையால் மூடி, தண்ணீர் தெளித்து வையுங்கள். தோட்டத்தில் தீ வைத்து வெட்டிய கரும்பு இன்னும் சீக்கிரம் கெடும்.

வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு ஒன்று. கொதி வந்ததும் நொதி செத்துவிடும். ஆனால் சாற்றின் புளிப்பும் சூடும் சேர்ந்து அதே உடைக்கிற வேலையைச் செய்யும். அந்தப் புளிப்பை முறிக்கத்தான் சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறோம். அளவோடு விடுங்கள், அதிகமானால் வெல்லம் கறுத்துவிடும்.