தலைமை யாருக்குப் பதில் சொல்கிறது?

(கட்சி உறுப்பினர்களுக்கான அமைப்பு வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் ஒரு பெருந்தொழிலதிபர் அறிவுரை கூறினார். 2025 தொடக்கத்தில் மற்றொரு பெருநிறுவனத் தலைவரின் பேச்சு வெளிவந்தது. அவர் கேட்டது 90 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்களை வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தத்தையும் அவர் மறைக்கவில்லை. எட்டு மணி நேர வேலைக்காக இரத்தம் சிந்திய வர்க்கத்தைப் பார்த்து இவ்வாறு பேசும் துணிவு எங்கிருந்து வருகிறது? அந்தத் தலைமை உழைப்பாளிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. பங்கு முதலீட்டாளருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும். துணிவின் ஊற்று அதுதான்.

நிர்வாகவியல் நூல்கள் தலைமையைத் தனிமனிதக் குணமாகவே பேசுகின்றன. 1911இல் பிரடெரிக் டெய்லர் வெளியிட்ட ‘அறிவியல் நிர்வாகம்’ என்ற கோட்பாடு, சிந்திப்பது நிர்வாகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று பிரித்தது. தொழிலாளியின் கையில் இருந்த தொழிலறிவை முதலாளியின் அலுவலகத்துக்கு மாற்றியதே அதன் உட்பொருள்.

1939இல் அமெரிக்காவில் குர்த் லெவினும் அவரது சகாக்களும் மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். பத்து வயதுச் சிறுவர் குழுக்களை அவர்கள் மூன்று வகைத் தலைமையின் கீழ் வைத்துப் பார்த்தனர்: கட்டளையிடும் தலைமை, கலந்து பேசி முடிவெடுக்கும் தலைமை, எதிலும் தலையிடாத தலைமை. கட்டளையிடும் தலைவர் அறையில் இருந்தவரை வேலை நடந்தது. அவர் வெளியேறியதும் தளர்ந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவிலோ, தலைவர் இல்லாதபோதும் வேலை ஏறக்குறைய அதே வேகத்தில் தொடர்ந்தது. பாணிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை இந்த ஆய்வு காட்டியது. ஆயினும் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார், நீக்குவது யார் என்ற கேள்வி அதில் எழவில்லை. முதலாளித்துவ நிறுவனத்திலும் அக்கேள்வி எழுவதில்லை.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இதற்குச் சான்று. 2008 டிசம்பரில், நிறுவனத் தலைவரின் குடும்பத்தைச் சார்ந்த இரு நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க அதன் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. புகழ்பெற்ற கல்வியாளர்களும் முன்னாள் உயர் அதிகாரிகளும் ‘சுதந்திர இயக்குநர்கள்’ என்ற பெயரில் அக்குழுவில் இருந்தனர். முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் அம்முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, பல ஆண்டுகளாகக் கணக்குகளில் மோசடி செய்ததைத் தலைவரே ஒப்புக்கொண்டார். அங்கே பல்லாயிரம் ஊழியர்கள் வேலை பார்த்தனர். கணக்கைக் கேட்கும் உரிமை அவர்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

இதற்கு எதிர்முகமாக உள்ள அனுபவமும் இந்தியாவில் உண்டு. காபி வாரியம் தனது காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்தபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் தோழர் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டுதலில் தாமே அவற்றை நடத்த முன்வந்தனர். 1957இல் பெங்களூரிலும் டெல்லியிலும், பின்னர் திருச்சூரிலும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. மேசை துடைத்தவரும் அடுப்படியில் நின்றவரும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்கள் ஆயினர்.

கண்ணூரின் அனுபவம் இன்னும் கூர்மையானது. பீடித் தொழிலாளர் நலச் சட்டத்தை 1968இல் இ.எம்.எஸ். தலைமையிலான கேரள அரசு நடைமுறைப்படுத்தியதும், மங்களூர் முதலாளிகள் தொழிலகங்களை மூடிவிட்டு வெளியேறினர். ஏறத்தாழ 12,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றனர். 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. பங்குத் தொகை 20 ரூபாய். தொழிலாளி முதலில் செலுத்தியது ஒரு ரூபாய். மீதியை அரசு கடனாக அளித்தது. சட்டம் வந்தால் தொழில் நடத்தவே முடியாது என்று முதலாளிகள் சொன்ன அதே தொழிலில், சட்டப்படியான பலன்களை வழங்கியபடியே இந்தச் சங்கம் வளர்ந்தது. பீடி சுற்றும் கூடத்தில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிப்பார். அவருடைய பங்குப் பீடிகளை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள். செய்தி அறிந்த தொழிலாளிதான் பேரவையில் எழுந்து கேள்வி கேட்டான். பின்னாளில் பீடிக்குச் சந்தை சுருங்கியபோது சங்கம் தொழிலாளர்களைக் கைவிட்டு ஓடவில்லை. உணவுப் பொருள், குடை, ஆடை எனப் புதிய தொழில்களில் இறங்கியது.

வடகரைக்கு அருகே ஊராளுங்கலில், சமூக சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925இல் 14 பேர் சேர்ந்து ஒரு தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவைத் தொடங்கினர். இன்று அது சாலைகளும் பாலங்களும் கட்டும் பெரும் நிறுவனம். அதன் இயக்குநர்கள் தொழிலாளர்களிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், பணித்தலத்திலும் நிற்கிறார்கள். கூட்டுறவு பெரிதாகும்போது, வெளிமாநிலத்திலிருந்து வரும் உறுப்பினரல்லாத உழைப்பாளியின் குரலுக்கு எங்கே இடம் என்ற கேள்வி எழுகிறது. அதையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் எதையும் காப்பாற்றாது. மகாராஷ்டிரத்தில் பல கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அரசியல் குடும்பங்களின் கோட்டைகளாக மாறியதை நாடு கண்டது.

தோழர்களே, இந்த ஒப்பீடு முதலாளிகளைக் கண்டிப்பதோடு முடியுமானால் அது பாதி வகுப்பு மட்டுமே. கம்யூனிஸ்ட் அமைப்பின் அடிப்படை ஜனநாயக மத்தியத்துவம். விவாதத்தில் முழுச் சுதந்திரம், முடிவெடுத்தபின் செயலில் முழு ஒற்றுமை. முதல் பாதியைக் கைவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் வலியுறுத்தினால் எஞ்சுவது டெய்லரின் தொழிற்சாலை: மேலே சிந்திப்பவர், கீழே செய்பவர். இரண்டாம் பாதியைக் கைவிட்டால், எதிலும் தலையிடாத தலைமையின் கீழ் அமைப்பு உதிர்ந்துபோகும்.

சுற்றறிக்கை வாசிப்பதோடு முடிந்துபோகும் கிளைக்கூட்டங்கள் இல்லையா? கேள்வி கேட்ட தோழரைக் கட்டுப்பாடற்றவர் என்று ஒதுக்கிய அனுபவம் இல்லையா? வசூல் கணக்கு முறையாக வைக்கப்படாத தொழிற்சங்கக் கிளைகள் இல்லையா? சுரங்கத்திலும் அங்கன்வாடியிலும் உழைக்கும் மக்கள் தங்கள் மேலதிகாரியின் முகத்தை நன்கறிவார்கள். அதே முகத்தைச் சங்க அலுவலகத்திலும் கண்டால் அவர்கள் சண்டையிட மாட்டார்கள்; சத்தமின்றி விலகிவிடுவார்கள். அந்த இழப்பு எந்த அறிக்கையிலும் பதிவாகாது.

ஆகவே, ஒவ்வொரு கிளையும் மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளட்டும். செயலாளர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டால் வேலை நடக்குமா? கணக்கை எந்த உறுப்பினரும் எந்நேரமும் பார்க்க முடியுமா? கடந்த ஓராண்டில் கீழிருந்து வந்த ஒரு விமர்சனத்தால் தலைமையின் ஒரு முடிவாவது மாறியதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய கிளையைத் தொழிலாளர்கள் தேடி வருவார்கள். ‘இல்லை’ என்ற பதில் வருமிடத்தில், அடுத்த கூட்டத்தின் முதல் நிகழ்ச்சிநிரல் அதுவாகவே இருக்கட்டும்.