கடல் நாடிச் சென்றோர் கண்ட ஓவியங்கள்

பிரான்சு தேசத்தின் தென்கரைக்கு நண்பராய்க் கூடிப் பயணஞ் செய்வோர் பெரும்பாலும் கடலை நாடியே செல்கின்றனர். ஓவியங்களைப் பாரிஸில் பார்த்தாயிற்று என்பது அவர்தம் எண்ணம். வெயிலுக்கு ஒதுங்கியோ, கூட்டத்தில் ஒருவர் வற்புறுத்தியதனாலோ அந்தீபு நகரின் பழைய கோட்டையினுள் நுழைவோர்க்கே அக்கரையின் மற்றொரு செல்வம் புலப்படுகின்றது.

கடலோர மதிலின்மேல் நிற்கும் அக்கோட்டையில் 1946ஆம் ஆண்டு பிக்காசோ சில மாதங்கள் வேலை செய்தார். போர் முடிந்த காலம். சித்திரத் துணி அரிதாயிருந்தது. வீட்டுக்கும் படகுக்கும் பூசும் வர்ணத்தைக் கொண்டு, ஒட்டுப்பலகையிலும் கல்நார்ச் சீமெந்துத் தகட்டிலும் தீட்டினார். 23 ஓவியங்களையும் 44 வரைபடங்களையும், அவை அவ்வூரை விட்டு அகலலாகாது என்னும் ஏற்பாட்டுடன் விட்டுச் சென்றார். சுவரிலே மீன்களும் மீனவரும். சாளரத்துக்கு வெளியே அவர்தம் கடல். பாரிஸ் நூதனசாலைகள் எத்துணைப் பெரியனவாயினும் இவ்வசதி அவற்றுக்கு இல்லை.

சற்றுக் கிழக்கே, கான்-சுர்-மேர் என்னும் ஊரில் ரெனுவார் வாழ்ந்த மனை உளது. பழைய ஒலிவ மரங்கள் வெட்டுண்ணாவண்ணம் காக்கவே அவர் 1907இல் அத்தோட்டத்தை வாங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிய பின்னரும், 1919இல் இறக்கும்வரை தூரிகையை விட்டாரல்லர். 1960 முதல் நூதனசாலையாய் விளங்கும் அம்மனையில் அவருடைய சக்கர நாற்காலி இருக்கின்றது. படங்களை விரைந்து பார்த்துச் செல்வோரும் அதன்முன் சற்றே நின்றுவிடுவர். வெளியே ஒலிவ மரங்கள் நிற்கின்றன.